மெஸ் சுவரில் நாலு துரைமார்

தேவதாசன் படங்களைத் துடைக்கும்போது நாலாவதிலிருந்துதான் தொடங்குவார். முதல் மூன்று துரைமாரும் தங்கள் முறை வரும் வரை தூசியோடு காத்திருக்க வேண்டும். துணியைக் கண்ணாடியில் வைப்பதற்கு முன் சட்டத்தின் மேல்விளிம்பை ஒரு தடவை பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லை என்றால்தான் மூச்சை விடுவார்.

பாளையங்கோட்டையில் பழைய பட்டாளக் கட்டடங்களில் நடந்த ஆபீசர் பயிற்சிப் பள்ளியின் மெஸ்ஸில் அவர் பட்லர். வருஷம் 1916. பள்ளியைத் தலைமையேற்று நடத்திவிட்டுப் போகும் ஒவ்வொரு கமாண்டன்டின் போட்டோவும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஏறும். போனவர் எங்கே இறந்தாலும், செய்தி வந்த அன்று அவர் படத்தின் மேல்விளிம்பில் கறுப்பு நாடா கட்டுவார்கள். அது மெஸ்ஸின் வழக்கம்.

பள்ளியின் சரித்திரத்தைக் கேட்டால் தேவதாசன் யுத்தங்களைச் சொல்ல மாட்டார். முதலாமவர் கல்லுத் துரை. மைதானத்தைச் சுற்றிக் கல் பதித்துச் சுண்ணாம்பு அடிக்க வைத்தவர்; ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போய்விட்டார். அடுத்தவர் ஜெபத் துரை. ஒயினை நிறுத்தி நன்னாரி சர்பத் ஊற்றச் சொன்னார். அவருக்குப் பின் வந்த வாத்துத் துரை ஒயினைத் திரும்பக் கொண்டுவந்தார். கல்லுக்குச் சிவப்பு அடித்தார். பயிற்சிக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களை இழுத்துக்கொண்டு குளம் குளமாக வாத்துச் சுட்டார்.

“புதுசா வாரவரு பழையவரு செஞ்சத அழிக்கணும். அதுதான் இங்கன சட்டம். நம்ம சூப்புல மட்டும் ஒருத்தரும் கை வைக்கல,” என்பார் தேவதாசன்.

நாலாமவர் சின்னத் துரை. வயதில் இளையவர், வேலையாட்களின் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். யுத்தம் வந்ததும் மெசபடோமியாவுக்குப் போனார். போகும்போது தேவதாசனின் ஒரே மகன் சத்தியநேசனைத் தன் பணியாளாகக் கூட்டிப்போனார். அந்தப் படையை ஓர் ஊருக்குள் வைத்துத் துருக்கியர் வளைத்துக்கொண்டார்கள். கடிதம் நின்றுவிட்டது.

துரைக்கு ஏதாவது ஆனால் தந்தி வரும். துரையின் பூட்ஸைத் துடைப்பவனுக்கு ஏதாவது ஆனால் யார் தந்தி அடிப்பார்? துரை இருக்கும் இடத்தில்தான் மகன் இருப்பான். ஆகவே படம் நாடா இல்லாமல் வெறுமனே இருக்கும் வரை மகனும் இருக்கிறான். இது தேவதாசனின் கணக்கு. இது நிற்காது என்று அவருக்கே தெரியும். வேறு கணக்கு அவரிடம் இல்லை.

தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கும் தட்டை மேசையில் வைத்துவிடுவார். ஒரு தட்டு உடைந்த பிறகு வந்த பழக்கம் அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி சாரம்மாள் கேட்பாள். “துரை எப்படி இருக்காரு?”

“நல்லாருக்காரு.”

இருவரும் பேசுவது படத்தைப் பற்றி. அவள் அதைப் பார்த்ததில்லை. வேலையாட்களின் வீட்டுப் பெண்களுக்கு மெஸ்ஸுக்குள் வர அனுமதி இல்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, நாலாவது படத்தில் கறுப்பு நாடா கட்டியிருந்தது.

தேவதாசன் கையில் இருந்த துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். பிறகு படத்தைத் துடைத்தார். மற்ற மூன்றையும் துடைத்தார். துரைமார் கேட்காமல் பட்லர் வாய் திறக்கக் கூடாது, திறக்கவில்லை. காலைச் சாப்பாடு பரிமாறினார். முட்டையில் உப்பு இல்லை என்று யாரோ முகம் சுளித்தார்கள்.

காபி ஊற்றும்போது கமாண்டன்டின் உதவி அதிகாரியான அட்ஜுடன்ட் தற்செயலாகச் சுவரைப் பார்த்தார்.

“பட்லர்! அங்கே யார் கட்டினது? அது இல்லை. முதல் படம். பழைய கர்னல்.”

கரண்டியை நீட்டி அறையின் மறுகோடியைக் காட்டினார். சீமையில் கல்லுத் துரை வயோதிகத்தில் இறந்திருக்கிறார். முந்தின நாள் மாலை தேவதாசன் வீட்டுக்குப் போன பிறகு தந்தி வந்திருக்கிறது; முதல் படத்தில் நாடா கட்டும்படி பியூனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

துரைமார் பரேடுக்குப் போனதும் தேவதாசன் ஸ்டூலில் ஏறினார். முடிச்சு விரலுக்கு அடங்கவில்லை, பல்லால் இழுத்தார். அதே நாடாவைக் கல்லுத் துரைக்குக் கட்டும்போது சிரிப்பு வந்துவிட்டது. “மன்னிக்கணும் துரை,” என்றார் படத்திடம்.

நாடா கட்டிய பியூன் காந்திமதிநாதனைப் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்.

“ஏலே மூதி, முதல் படம்னா எதுலே?”

“இதுதானே, அண்ணாச்சி?” அடுப்படி வாசலை ஒட்டித் தொங்கிய சின்னத் துரையைக் காட்டினான். “நாம நுழையுதது இந்த வாசல்லதானே? இங்கன இருந்து எண்ணினா இவருதான முதல்ல வாராரு. முன்வாசல் வழியா என்னைய எவன் விட்டான்?”

“நீ எண்ணுன எண்ணிக்கையில என் ஈரக்கொலை அத்துப் போச்சுலே.”

காந்திமதிநாதன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தான். “அண்ணாச்சி, வாரப்ப மதினியப் பாத்தேன். சின்னத் துரை படத்துல நாடா கட்டினதச் சொல்லிட்டேனே.”

தேவதாசன் திரும்பினார். முன்வாசலில் சாரம்மாள் நின்றாள். எந்த வாசல் என்று பார்க்கிற நிலையில் அவள் வரவில்லை. கையில் அரைத்த மாவு ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது.

“இல்ல சாரா, இல்ல. அது கிழத் துரைக்கு. இவன் மாத்திக் கட்டிட்டான். நம்ம துரைக்கு ஒண்ணும் இல்ல.”

“நிசமாவா?”

“நிசமா.”

“இன்னைக்கு இல்ல,” என்றாள். பிறகு, “எது நம்ம துரை?”

காட்டினார்.

“அவ்வளவு ஒசரத்துல எனக்குக் கண்ணு தெரியல. எறக்குங்க.”

“பரேடு முடியப் போவுது. துரைமார் வந்திருவாங்க.”

“எறக்குங்கன்னேன்.”

ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். தேக்குச் சட்டம், கனம். அவள் அந்த இளம் முகத்தைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அணைத்தாள்.

வெளியே சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. காந்திமதிநாதன் பின்கட்டுக்குள் நழுவினான். தேவதாசன் இரண்டு கைகளையும் நீட்டினார். சாரம்மாள் படத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.