மலை நிற்கிற பக்கம் மேற்கு

எங்கள் ஊரில் திசை தெரிய யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ராஜபாளையத்தில் மலை நிற்கிற பக்கம் மேற்கு, அவ்வளவுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் வட்டக்கோட்டையில் என் மானம் போனது.

என் மனைவி கூமாப்பட்டிக்காரி. மலையடியில் பிறந்தவள்; அதுவரை கடலில் கால் வைத்ததே இல்லை. கல்யாணமான வருஷமே கூட்டிப்போகிறேன் என்று சொன்னவன் நான். தறி ஓட்டம், பிள்ளை படிப்பு என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு. இருபத்திரண்டு வருஷம் கழித்து, போன மாசம்தான் தெருக்காரர்களோடு வேனில் கிளம்பினோம். கன்னியாகுமரியில் காலையில் அலை அதிகம் என்று கயிறு கட்டி, ஒருவரையும் இறங்கவிடவில்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. மிச்சமிருந்தது பக்கத்தில் கடலோரமாக இருந்த இந்த வட்டக்கோட்டை ஒன்றுதான். வேன் வந்து நின்றபோது மணி மூன்றரை.

"நாலரைக்கு வண்டி கெளம்பிரும். யாருக்கும் காத்திருக்க மாட்டேன்" என்றார் டிரைவர்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு அகலமான கருங்கல் மதில். மேலே ஏறினால் பீரங்கிக்கென்று விட்ட இடைவெளிகள். அதற்கப்பால் கடல், கடல், கடல்! கீழே புல்தரையில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருக்க, ஐம்பது வயதில் நான் ஒரு கண்ணை மூடி, வராத எதிரிக் கப்பலைக் குறிபார்த்தேன். அவளோ மதிலின் அடியில் மோதுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இறங்க வழியில்லை.

"சுட்டது போதும். கால் நனைக்க எடமிருக்கான்னு கேளுங்க."

வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். "வெளிய போய் மேற்கே நடங்க, மணல் வரும்" என்றார்.

மேற்குதானே! எதிரே ஜம்மென்று மலை. விறுவிறுவென்று நடந்தேன், அவள் பின்னாலேயே வந்தாள். தென்னந்தோப்பு வந்தது, வாழை வந்தது, கட்டிப்போட்ட மாடு ஒன்று வந்தது. அலைச் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே போனது. அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, பொழுது மலைப் பக்கம் எறங்கலையே. இடது கைப் பக்கம்லா வெயில் அடிக்கு?"

அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் மலை வடக்கே நின்றது.

"நாளைக்குக் காசிக்குப் போனாலும் மலையத்தான் தேடுவீக. எம்புட்டு நேரம் போச்சு!" என்றவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயில் அடித்த பக்கமாக எனக்கு முன்னால் ஓடினாள். நான் மூச்சு வாங்க, அசடு வழிய, பின்னால் ஓடினேன்.

கரிய மணலை எட்டும்போது நாலே கால் தாண்டிவிட்டது. கடல் காலையைவிட அடங்கியிருந்தது. முதல் அலை கணுக்காலைத் தொட்டதும் கத்தினாள். அடுத்த அலைக்குச் சிரித்தாள். தெருவில் வாயைப் பொத்திச் சிரிக்கிறவள், அங்கே கரையில் நின்ற அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. டிரைவர்தான்.

"ஏட்டி, வா வா, வண்டி கெளம்பிரும்!" என்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. "நான் இருபத்திரண்டு வருசம் காத்திருந்திருக்கேன். அவிய ஒரு பத்து நிமிசம் காத்திருக்கட்டும்."

டிரைவரிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிப் போனை அணைத்து, செருப்போடு மணலில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.