எங்க வீட்டு ரேடியேட்டரும் என் மஞ்சத்தூளும்

ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம் படுக்கலாம்னு நெனச்சேன். காலையில பார்த்தா, வாசல்ல நிக்கிற காருக்கு அடியில தண்ணி தேங்கிக் கெடக்கு.

"ரேடியேட்டர் லீக்"ன்னார் என் வீட்டுக்காரர்.

நாளைக்கு அம்மாவை அந்தக் கார்லதான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். தட்டாஞ்சாவடி மெக்கானிக்குக்கு இன்னிக்கு லீவு. "நானே பாத்துக்கறேன், விடு"ன்னார். அப்பவே எனக்குத் தலைவலி ஆரம்பிச்சிடுச்சு.

மதியம் வரைக்கும் ஹோஸைக் கழட்டினார், மாட்டினார், திரும்பவும் கழட்டினார். தண்ணி நிக்கல.

மாடி வீட்டு பாய் பால்கனியிலேர்ந்து எட்டிப் பார்த்தார். "மஞ்சத்தூள் போடுங்க தம்பி. லாரிக்காரங்க அதைத்தான் போடுவாங்க, ஓட்டையை அடைச்சிடும்."

நான் அரைச்சு வெச்சிருந்த மஞ்சத்தூள் மொத்தமும் ரேடியேட்டருக்குள்ள போச்சு.

அப்பவும் தண்ணி நிக்கல. நானே குனிஞ்சு பார்த்தேன். ரேடியேட்டர்ல இருக்கறது சாம்பார் கலர். கீழ தேங்கறது பளிங்கு மாதிரி இருக்கு. எங்கேர்ந்துதான் வருதுன்னு ஈரத்தைப் பார்த்துக்கிட்டே போனா, சுவரோரமா எறங்குற பாயோட ஏசி பைப்!

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பாய் ஏசியை நிறுத்திட்டுக் கடைக்குக் கெளம்பி கீழ வந்துட்டார். கொஞ்ச நேரத்துல தண்ணியும் நின்னுடுச்சு.

"பாத்தியா, சரி பண்ணிட்டேன்!" கல்யாணத்தன்னிக்குக்கூட வீட்டுக்காரர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்ல. பாய்க்குக் கை குலுக்கல் வேற.

இப்ப உண்மையைச் சொல்லலாமா, வேணாமா? சீக்கிரம் சொல்லுங்கப்பா. பாய் கடையிலேர்ந்து வந்ததும் ஏசியைப் போட்டுடுவார்.