மூன்று முறை அழுத்துகிறவள்

எந்தப் பட்டனையும் ஜெஸ்ஸி ஒருமுறை அழுத்திவிட்டு விடமாட்டாள். கட்டைவிரலால் அழுத்தி, சற்றுப் பார்த்து, சலித்துக்கொண்டவள்போல இன்னும் இரண்டு முறை அழுத்துவாள். திண்டுக்கல்லில் எங்கள் சிறிய அலுவலகத்தில் நாங்கள் எழுதும் இணையதளங்களைச் சோதிப்பது அவள் வேலை.

சிறுமலைக்காரர்கள் டாக்டருக்கு டோக்கன் போட, யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்து ஒரு தளம் செய்திருந்தோம். வெளியிடுவதற்கு முந்தின நாள் அவள் மலைப் பேருந்தில் ஏறி, சிக்னல் விட்டுவிட்டு வரும் வளைவுகளில் தன் போனில் அழுத்திப் பார்த்தாள். ஒரே ஆளுக்கு மூன்று டோக்கன் விழுந்தது. அலுவலகம் திரும்பியதும் அதைச் சொன்னாள்.

"ஆபீஸ் வைஃபைல நல்லாத்தான ஓடுச்சு? எவன் மூணு வாட்டி அமுக்குவான்?" என்றார் முதலாளி கமலக்கண்ணன்.

"ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே நின்னா நீங்களும் அமுக்குவீங்கண்ணே. ஒரு நாளைக்கு முப்பது டோக்கன்தான். பத்துப் பேரு இப்பிடி அமுக்குனா மத்தவுகளுக்கு ஏது?"

"அப்ப நாளைக்கு இல்லைன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லு."

"சொல்றேண்ணே."

உடனே போன் செய்து சொன்னாள். அந்தப் பகுதியை எழுதியவன் நான். அந்த நிரலைத் திரையில் திறந்தேன். திருத்த இரண்டு நாள் ஆனது.

அவளை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் அன்று கமலக்கண்ணனின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அது அன்றே தெரியும்.