மஞ்சள் குடைக்குப் பின்னால்

சுவிஸின் இன்டர்லாக்கன் ஸ்டேஷன் வாசலில் ஒரு வழிகாட்டி மஞ்சள் குடையை உயர்த்தினார். என் பக்கத்தில் வந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து, சிரித்த முகமாக நின்றார்.

இலங்கையில் போர் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்த அப்பா திரும்பி வராமல் போனதற்கு அடுத்த வருடம் அது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சுவிஸுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், சுற்றுலா விசாவில் எங்களை ருமேனியாவின் புக்காரெஸ்டில் ஓர் அறையில் வைத்திருந்தான். பொலிஸ் சந்தேகப்படாதிருக்க, மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால இடங்களுக்குக் கூட்டிப்போகும் சுற்றுலாக் கூட்டத்தோடு தினமும் போய்வரச் சொன்னான்.

"எதைக் காட்டினாலும் சிரிச்சுக்கொண்டு 'பியூட்டிஃபுல்' எண்டு சொல்லுங்கோ அக்கா, அது காணும்."

சர்வாதிகாரியின் மாளிகைக்கும் அம்மா அதையே சொன்னார், சாம்பல் நிற மாடி வீடுகளுக்கும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் மஞ்சள் குடை ஒரு பழைய சிறையின் இரும்புக் கதவடியில் நின்றது. காணாமல்போன கணவன்மாரின் படங்களோடு பெண்கள் இங்கே வருடக்கணக்காக நின்றார்கள், யாருக்கும் பதில் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார் வழிகாட்டி. அப்பா ஆங்கில வாத்தியார் என்பதால் எனக்கு அது விளங்கிவிட்டது; அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த ஒரு சொல்தான். அப்பாவின் படம் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா சிரித்தார்.

"பியூட்டிஃபுல்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்டர்லாக்கனில் கூட்டம் எங்களைக் கடந்து போய்விட்டது.

"பிள்ளை, அண்டைக்கு அந்தக் கதவடியிலை எல்லாரும் ஏன் என்னைப் பாத்தவை?" இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அம்மா கேட்டார்.

"நீங்கள் வடிவாய்ச் சிரிச்சனீங்கள், அம்மா."