குதிரை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாய் நீளம். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தகர உண்டியல்களுக்கு முன்னால் வாயை அடக்கிக்கொண்டு நின்றேன் என்று சொன்னால், என் வீட்டுக்காரர்கூட நம்ப மாட்டார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் அப்படி. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது இருக்கும். குழந்தையிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவள் நான். கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பேன். கோயமுத்தூரில் இருந்த ஒரு தர்ம சங்கம் முகாம் நடத்தி எனக்குக் காலிப்பர் ஷூ கொடுத்தது. கறுப்புத் தோல் ஷூ, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலுக்கு மேலே தோல் பட்டை. நடந்தால் டக் டக்கென்று சத்தம் வரும். திருடப் போக முடியாதே தவிர மற்றபடி வசதி.

மறு வருஷம் அதே சங்கம் இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவதற்காக ஒரு காரியம் செய்தது. ஆள் உயரத்துக்கு மேல் சிமெண்டில் குதிரைகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக வண்ணம் அடித்து, ரயில் நிலையத்தில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் ரோடு நெடுகக் காரமடை வரைக்கும் நிறுத்திவைத்தது. ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குதிரையாகப் போய்ப் பார்த்து, உண்டியலில் இஷ்டப்பட்டதைப் போட்டு, சீட்டில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். எல்லா முத்திரையும் இருந்தால் காரமடையில் ஒரு சின்ன மண் குதிரை பரிசு.

பரிசுக்காக நான் துள்ளினேன். அம்மா துள்ளியது வேறு காரணத்துக்கு. அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, "நல்லா இருப்பீங்கங்க" என்று சொல்லியே பழகியவள். அன்று காலையில் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, "நமக்குக் குடுத்தாங்க கண்ணு. இன்னிக்கு நாமளும் நாலு பேரு மாதிரி நின்னு குடுத்துப்போட்டு வரோணும்" என்றாள். அப்பாவுக்கு ஷிப்ட். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் கிளம்பினோம்.

முதல் குதிரை ரயில் நிலையத்துக்கு எதிரே. முத்திரை குத்த ஒரு மேஜை, பக்கத்தில் உயரமான ஸ்டூல் மேல் உண்டியல். அம்மா சில்லறையைத் தேடிக்கொண்டிருக்க, நான் டக் டக்கென்று முன்னால் ஓடினேன். ஓடிப்போய்ப் பார்த்தது குதிரையை அல்ல. உண்டியலில் என் படம் ஒட்டியிருந்தது.

முகாமில் எடுத்த படம். பெஞ்சில் உட்காரவைத்து, பாவாடையைத் தொடை வரைக்கும் சுருட்டிவிட்டு எடுத்தது. சூம்பின கால்தான் படத்தில் முக்கால்வாசி. மேலே எங்கேயோ அழுது வடியும் என் மூஞ்சி. "இந்தப் பிஞ்சுக் கால் நடக்க உதவுங்கள்" என்று கீழே கொட்டை எழுத்து. முகாமில் ஒருவர் வந்து, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டதும், "எடுத்துக்கோங்க" என்று அம்மா சொன்னதும் நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்குக்கு என்று நினைத்திருப்பாள். வேறு மாதிரி நினைத்திருந்தாலும் எடுத்துக்கோங்க என்றுதான் சொல்லியிருப்பாள். எங்கள் பக்கம் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். கல்யாணச் சேலையில், முகமெல்லாம் சிரிப்பாக. இதைப் பார்த்தால் அவளுடைய அந்த ஒரு நாள் போச்சு என்று எனக்குப் புரிந்தது. சட்டென்று திரும்பி உண்டியலுக்கு முதுகைக் கொடுத்து ஒட்டி நின்றுகொண்டேன்.

"தள்ளி நில்லு கண்ணு, போடோணும்."

"நானே போடறேன். குடு."

அம்மா கொடுத்தாள். நான் கையைப் பின்னால் விட்டு, தடவிப் பார்த்து, துவாரத்தில் போட்டேன். முத்திரை குத்தி முடிகிற வரைக்கும் நகரவே இல்லை. கால் வலிக்கிறது, சாய்ந்து நிற்கிறேன் என்றேன்.

வடகோவையிலும் கவுண்டம்பாளையத்திலும் இதே கூத்து. பஸ் நின்றதும் முதலில் இறங்குவேன். முதலில் போய்ப் படத்தை மறைப்பேன். வருகிற ஜனங்கள் உண்டியலைப் பார்க்க எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பிறகு என் ஷூவைப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். பட்டப்பகலில் என்னை யாரோ பாவாடையைத் தூக்கி நிறுத்திவைத்தது மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? ஷூ கொடுத்தவர்கள் மேலா? அந்த ஷூவில்தானே நின்றுகொண்டிருந்தேன்.

துடியலூரில் அம்மா மேஜைப் பக்கம் இருந்தபோது, காரில் வந்த ஓர் அம்மாள் குனிந்து என் பின்னால் எட்டிப் பார்த்து, "படத்துல இருக்கறது நீதானே பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது எங்கக்கா" என்றேன். எனக்கு அக்காவே கிடையாது.

"அய்யோ, ரெண்டு பேருக்குமா?" என்று அந்த அம்மாள் கண் கலங்கி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு பொய்யில் எங்கள் வீட்டில் இன்னொரு கால் ஊனமாகிவிட்டது.

பஸ்ஸில் அந்தப் பிஸ்கட்டைப் பிரிக்கவே இல்லை. அம்மா உருவாரம் வைத்தது ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில், கைக்கு நோவென்றால் மண்ணில் கை, காலுக்கு நோவென்றால் மண்ணில் கால் செய்து நேர்ந்துவைப்பார்கள். அதுதான் உருவாரம். எனக்காக அம்மா ஒரு மண் காலைக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த நோன்புத் திருவிழாவுக்குப் போனபோது என் கால் எது என்று தேடினேன். வேப்பமரத்தடியில் கையும் காலுமாகக் குவிந்து கிடந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. யாருடைய கால் என்று அங்கே யாரும் எழுதிவைப்பதில்லை. அந்தக் குவியலுக்குள் என் காலும் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். இங்கே ரோடு நெடுக என் கால் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

பெரியநாயக்கன்பாளையத்திலும் மறைத்து நின்றேன். அந்த ஊர்க் குதிரைக்கு உடம்பெல்லாம் பம்ப் செட் சாமான் ஒட்டியிருந்ததாம். பேப்பரில் பிறகு படித்தேன்.

காரமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கடைசிக் குதிரை என்பதால் பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் இருந்தன. நான் ஓடிப்போய் உண்டியலை மறைத்தேன். சங்கத்துப் பெரியவர் ஒருவர், சஃபாரி சூட் போட்டவர், என் ஷூவைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம பாப்பா! ஏனம்மணி, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று பின்னால் வந்த அம்மாவையும் கேட்டார்.

நல்ல மனுஷன். அதை இன்றைக்கும் சொல்வேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. பேப்பர் போட்டோகிராபரைக் கைதட்டிக் கூப்பிட்டு, என்னைக் கையைப் பிடித்துக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாவாடைய மட்டும் துளி மேல தூக்கிப் புடிச்சுக்க கண்ணு. ஷூ தெரியோணும்."

நாள் பூராவும் அந்தக் காலை மறைத்து நின்ற நான், மறு பேச்சில்லாமல் குனிந்து பாவாடையைப் பிடித்தேன். கை தானாகப் போனது. இத்தனை நீள வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

"வேண்டாமுங்க."

அம்மாவின் குரல்தான். அந்த வார்த்தையை அவள் பெரிய மனிதர் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நல்ல காரியத்துக்குத்தானுங்கம்மா" என்றார் அவர்.

"நல்ல காரியந்தானுங்க. இல்லீன்னு சொல்லலீங்க. அதுக்குத்தான் நாங்களும் எல்லாக் குதிரைக்கும் போட்டுப்போட்டு வாரமுங்க." அம்மா சீட்டை நீட்டினாள். "இதுல முத்திரை மட்டும் குத்திக் குடுங்க. போட்டோ வேண்டாமுங்க."

பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி கெட்டவர்கள் என்று நினைத்திருப்பார்கள் என்று தோன்றி எனக்கு அழுகை முட்டியது. தோல் பட்டையைக் கழற்றி ஷூவை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று குனிந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உன்றது கண்ணு. அதை எதுக்குக் கழட்டற?"

பெரியவரே முத்திரை குத்தி, மண் குதிரையை அம்மா கையில் கொடுத்து, "சரிங்கம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் குதிரையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, அந்த உண்டியல்ல..."

"தெரியும்."

"எப்பப் பாத்தே?"

"மொதக் குதிரையிலயே. பஸ்ஸு நிக்கறதுக்கு முந்தியே சன்னல்ல தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"நீதான் ஓடிப்போயி மறைச்சு நின்னுட்டியே. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா நீ வெசனப்படுவியேன்னுதான்." அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். "முகாம்லயே வேண்டாமுங்கன்னு சொல்லியிருக்கோணும். அன்னிக்கு வாயி வரலை கண்ணு."

அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும், எல்லாம் தெரிந்துதான் என் கையில் காசைக் கொடுத்திருக்கிறாள். சிரித்த முகம் மாறாமல், உண்டியல் பக்கம் கண்ணைத் திருப்பாமல். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "குதிரையெல்லாம் நல்லாருந்துச்சும்மா" என்றேன்.

"எது நல்லாருந்துச்சு?"

யோசித்தேன். ஒரு குதிரையும் கண்ணுக்குள் வரவில்லை. நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளுக்கு எங்கிருந்து வரும்?

"உனக்கு எது பிடிச்சுதும்மா?"

அம்மாவும் யோசித்தாள். வண்டி துடியலூரைத் தாண்டிவிட்டது.

"நானும் ஒண்ணையும் பாக்கலை கண்ணு" என்றாள். "மறுக்கா ஒருக்கா வருவோம். உண்டியலையெல்லாம் எடுத்த பொறவு."