ஆனிக் காற்றும் இரண்டு தெர்மாமீட்டர்களும்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

உதட்டை வெடிக்க வைக்கும் காற்று அது... ஆனி மாதத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். சீப்பை எடுத்தால் முடி அதோடு எழுந்து நிற்கும். சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொரியும். மேற்கே உள்ள மலை, மழையை எல்லாம் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடும். நமக்கு வந்து சேர்வது, சரிவில் இறங்க இறங்கச் சூடேறிய வெறும் காற்று.

2000களின் நடுவில் நான் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட். எம்.எஸ்சி. படித்துவிட்டு, முதலாளியின் மச்சினன் என்பதாலேயே மேனேஜரான ஒருவருக்குக் கீழே வேலை.

காய்ந்த காற்றில் உடம்பில் மின்சாரம் சேரும். அது ஒரு பொறியாகத் தெறித்தால் மருந்து கலக்கும் ஷெட் இருக்காது. அதனால் அங்கே ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர் மாட்டினேன். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் துணி சுற்றி, நுனியைக் கிண்ணத் தண்ணீரில் விட்டிருந்தேன். காற்று காய்ந்திருந்தால் ஈரத் துணி வேகமாக உலரும், குமிழ் குளிரும், இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். கூடினால் அன்றைக்குக் கலவை கிடையாது. இரண்டும் ஒன்றாக நின்றால் காற்றில் ஈரம் நிறைய, பயமில்லை.

ஷெட்டுக்குக் காய்ச்சலா சார் என்று பெண்கள் கேலி செய்தார்கள். இனிமேல் தானே தினமும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மேனேஜர் அன்றைக்கே என்னை லேபுக்குள் அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. நான் போனேன். வெளியே புழுதி கண்ணைத் திறக்க விடவில்லை. உள்ளே வழக்கம்போல் நாலு பேர் மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பார்த்தேன்.

இரண்டும் ஒரே அளவு.

அடைமழையில்தான் அப்படி நிற்கும். துணியைத் தொட்டேன்... மொடமொடவென்று இருந்தது. கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

எதையும் வேகமாக வைக்காமல் எல்லாரும் வெளியே வாங்க என்று மெதுவாகத்தான் சொன்னேன். வந்தார்கள். ஷெட்டைப் பெருக்கும் அக்காவிடம் தண்ணீர் எங்கே என்று கேட்டேன்.

"நாந்தான் நீங்க மாட்டுன மறுநாளே கொட்டிட்டேன் சார். மருந்து ரூம்ல ஒரு பொட்டு ஈரம் இருக்கப்பிடாதுன்னு மேனேசர் சொல்லியிருக்காகள்ல?"

அந்த விதி சரிதான். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டாலும் சூடேறும். ஆனால் இந்தக் கிண்ணம் எதற்கு என்று அவர் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டிய மறுநாளிலிருந்தே தண்ணீர் கிடையாது. காற்று காயக் காய, அந்தப் பலகை பயமில்லை பயமில்லை என்றே காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர் தினமும் ஆட்களை உள்ளே அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாம் சொன்னேன்.

"வெடிச்சுச்சா?" என்றார்.

இல்லை என்றேன்.

"பெறகு என்னத்துக்குய்யா வேலைய நிப்பாட்டுனீரு? சீசன் நேரம், லோடு நிக்கிது. படிச்சவுகளக் கொண்டாந்து வச்சா இந்தக் கூத்துதான்."

அந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். வெடித்திருந்தால் நான் சொன்னது சரி. வெடிக்காததால் நான் கோட்டிக்காரன். அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்கு போனைத் தட்டினால் காற்றின் ஈரப்பதம் தெரிகிறது. நல்லதுதான். போன வாரம் அதே போனில் ஒரு வீடியோ வந்தது. நரைத்த தலையோடு அந்த மேனேஜர், ஏதோ பாதுகாப்புக் கூட்டத்தில், ஈரப்பதம் பார்க்கும் வழக்கத்தையே தான்தான் கொண்டுவந்ததாகப் பேசுகிறார். கைதட்டுகிறார்கள். முதல் தடவை நம்ப முடியாமல் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

பெயரைப் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். என் பெயர் தெரிந்தால் கம்பெனி தெரியும். கம்பெனி தெரிந்தால், அன்றைக்குப் பெருக்கியது யார் என்று அங்கே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பழி மேனேஜர் தலையில் இறங்காது, அந்த அக்கா தலையில்தான் இறங்கும். அவரும் அவர் மகளும் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள்.

மேனேஜருக்குப் புரியும். புரியட்டும். இது எங்கள் கம்பெனி என்று அவர் வாயால் சொல்ல முடியாது.

பெயரில்லாமலே போடுகிறேன்.