எக்ஸ்ரே அக்கா விலை பேசிய நாள்

எங்கள் தெருவில் என் அக்காவை எக்ஸ்ரே அக்கா என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, இருபத்தாறு வருஷமாக. படம் எடுத்த கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றேதான்: "எலும்பு முறிஞ்சிருக்கா?" அக்காவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை. "டாக்டர் சொல்வாரு" என்பாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். கை வீங்கிப்போய் சொந்தத் தம்பி நான் நின்றபோதும் அதே பதில்தான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

நான் செருப்புக்கடையில் விற்பனையாளன். கடிக்கிற செருப்பையும் "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று தள்ளிவிடுகிற வாய். வீடு விலை பேசப் போகும்போது அக்கா என்னைக் கூப்பிட்டது இந்த வாய்க்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு வேண்டியிருந்தது மாமாவுக்காக, அக்காவின் கணவருக்காக. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த மனிதர். கோலை ஊன்றி அறைக்குள் நடப்பார், படி மட்டும் ஆகாது. அவர்கள் குடியிருந்ததோ மூன்றாவது மாடி, ஐம்பத்துநான்கு படி. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து மேலே விட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதமாக அவர் கீழே இறங்கவில்லை. அக்கா அலையாய் அலைந்து ஒரு தரைத்தள வீட்டைக் கண்டுபிடித்தாள். அதிலும் கேட்ட விலைக்கு எங்கள் கையில் பத்தில் ஒரு பங்கு பணம் குறைந்தது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லைன்மேன். மனைவி இறந்த பிறகு, மகளோடு போய் இருப்பதற்காக விற்கிறார். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் போட்டுக் காட்டினார். சமையலறைக்குப் போனோம். ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஓடியது ஒரு வெடிப்பு, என் கை நீளத்துக்கு. எனக்கு லட்டு மாதிரி கிடைத்தது.

"ஐயா, இது அஸ்திவாரம் இறங்குன வெடிப்பு. ரெண்டு மழை தாங்காது. இதுக்கா இந்த விலை?"

அஸ்திவாரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் செருப்பு தெரியும். ஆனால் அவர் முகம் செத்துப்போனது.

"மூணு பேர் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க" என்றார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பத்தில் ஒரு பங்கு விழுந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்கா சுவரருகே போனாள். செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தாள். பின்பக்கம் போய் வெளிச்சுவரையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேல்பூச்சு மட்டும்தாண்ணே விட்டிருக்கு. சுவர் நல்லா இருக்கு. பயப்படாதீங்க."

அடிப்பாவி! இருபத்தாறு வருஷம் கண்ணால் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லாதவள், வாயை மூடிக்கொள்ள வேண்டிய ஒரே இடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

அதோடும் நிறுத்தவில்லை. அங்கிருந்த மேஜையின் முன் உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் தொகையை எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு. வீடு இதுக்கு மேல பெறும். அதுவும் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அவர் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எங்கோ குழாய் சொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன். அக்கா திரும்பாமலேயே உள்ளங்கையை உயர்த்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று, 'மூச்சைப் பிடிங்க' என்று நோயாளிகளுக்குக் காட்டுகிற அதே கை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேர் பேரம் பேசிப் பார்த்திருக்கிறேன். கையில் இருப்பது முழுவதையும் எடுத்து வைத்துவிட்டு, கெஞ்சாமல், அசையாமல் உட்கார்ந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதாம்மா?"

"முடியாதுண்ணே."

"காலி பண்ண எனக்கு மூணு மாசம் வேணும்."

"ஒரு மாசம். என் வீட்டுக்காரரு எட்டு மாசமா வெயில்ல நிக்கல."

லைன்மேன் அந்த வெடிப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்றார் கடைசியில். "அடுத்த மாசம் முதல் தேதி சாவி தர்றேன்."

தெருமுனை வரைக்கும் அக்கா நேராக நடந்தாள். அங்கே ஒரு மூடிய கடையின் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்படியெல்லாம் பேரம் பேசுவியா நீ?"

"பேரம் எங்கடா பேசினேன்? சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல, சும்மா இருந்தேன்."

"அப்போ என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"அவரு முடியாதுன்னுட்டா, மாமாகிட்டப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேணாமா? என்னால முடியாதுடா."

ஐம்பத்துநான்கு படியும் ஏறினோம். மாமா கதவருகே கோலோடு நின்றிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விலையைக் கேட்கவில்லை.

"வாசல்ல எத்தனை படி?"

"ரெண்டு" என்றாள் அக்கா.

"ரெண்டா?" என்று கேட்டு, தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, செருப்புப் போட்டு எட்டு மாசமாச்சு. நாளைக்கு ஒரு ஜோடி கொண்டா. கடிக்காததா பாத்துக் கொண்டா."